தண்டுவட மரப்பு நோயும் ஒற்றைத் தலைவலியும்

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்கிச் சிதைப்பதால் உண்டாவது தண்டுவட மரப்பு நோய். இது மல்டிபிள் ஸ்களிரோசிஸ் எனவும் அழைக்கப்படுகிறது. தலைவலி இந்நோயின் முதன்மை அறிகுறியன்று. எனினும் இந்நோயாளிகள் பலருக்கு ஒற்றைத் தலைவலியும் (மைக்ரேன்) உண்டு. இரண்டுமே ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகின்றன. இந்நோய்க்குத் தரப்படும் இன்டர்ஃபெரான் பீட்டா ஊசியாலும் தலைவலி வரலாம்.

வேறுபாடு

ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிவதும் கை, முகம் மரத்துப்போவதும் உண்டு. இம்முன்னறிகுறிகள் ஒவ்வொன்றும் பொதுவாக 5 முதல் 60 நிமிடங்களில் மறையும். மரப்பு நோயின் மீள்தாக்கமோ குறைந்தது 24 மணி நேரம் நீடிக்கும். கண்ணை அசைக்கும்போது வலித்து, அக்கண்ணின் பார்வையும் மங்கினால் அது பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம். அதை வெறும் தலைவலி என விட்டுவிடாமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

நோயறிதல்

ஒற்றைத் தலைவலி உள்ளோரின் எம்.ஆர்.ஐ. படத்திலும் மூளையில் சிறு வெண்புள்ளிகள் தெரிவதுண்டு. இவற்றை மரப்பு நோயின் தழும்புகள் எனத் தவறாகக் கொண்டால், தேவையற்ற மருந்துகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள நேரிடும். எனவே புள்ளிகளின் இடம், வடிவம், நோயாளியின் அறிகுறிகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே நோய் உறுதிசெய்யப்படுகிறது.