ஸ்டஃபிங்: ஒரு துறைமுகச் சொல்லும் அதன் தமிழ் இணைகளும்

ஸ்டஃப் என்பது ஒரு பொருளை இடைவெளி விடாமல் நெருக்கி உள்ளே அடைப்பதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். தலையணையில் பஞ்சு அடைப்பதற்கும், குடைமிளகாயில் மசாலா வைப்பதற்கும், பைக்குள் துணியைத் திணிப்பதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் போதும். வட சென்னையில் இதற்குத் தனியான தொழில் பொருள் உண்டு. ஏற்றுமதிச் சரக்கைக் கன்டெய்னருக்குள் அடைப்பது ஸ்டஃபிங். இறக்குமதிச் சரக்கை அதிலிருந்து வெளியே எடுப்பது டீ-ஸ்டஃபிங். மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் உள்ள சரக்குப் பெட்டக நிலையங்களில் மேலாளர் முதல் சுமை ஏற்றும் தொழிலாளி வரை எல்லோரும் புழங்கும் சொற்கள் இவை. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கென்றே தனி முனையம் 1983-இல் தொடங்கியது. அதற்கு முன்பு மூட்டை, பீப்பாய், சிப்பம் என்று தனித்தனியாகக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கப்பட்ட சரக்கு, பிறகு கரையிலேயே இரும்புப் பெட்டிக்குள் அடைபடத் தொடங்கியது.

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரரையும் தொழிலாளியையும் துறைமுகத்தில் ஸ்டீவடோர் என்பார்கள். இது ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதன் மூலமான லத்தீன் வினைக்கு ‘நெருக்கி அடை’ என்றுதான் பொருள். மலச்சிக்கலைக் குறிக்கும் கான்ஸ்டிபேஷன் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. பாய்மரக் கப்பல் காலத்தில் ஸ்டீவ் என்றொரு ஆங்கில வினையும் இருந்தது. பஞ்சுப் பொதிகளைத் திருகு எந்திரத்தால் இறுக்கி, கப்பலின் வயிற்றில் இன்னும் சில பொதிகளுக்கு இடம் உண்டாக்குவதை அது குறித்தது. இன்று அந்தச் சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

தமிழ் இணைகள்

தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது. எதை, எதற்குள், எவ்வளவு வலிந்து என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். மிகப் பொதுவானது ‘அடை’. பஞ்சை அடைக்கலாம், ஓட்டையை அடைக்கலாம், ஆட்டைப் பட்டியில் அடைக்கலாம், ஆளைச் சிறையில் அடைக்கலாம். உள்ளே வைப்பதும் மூடுவதும் இந்தச் சொல்லில் ஒன்றாகவே இருக்கின்றன. சரக்கை நிரப்பி, கதவை மூடி, முத்திரையிடுவதுவரை நீளும் கன்டெய்னர் வேலைக்கு இதைவிடப் பொருந்திய தமிழ்ச்சொல் இல்லை. ‘ஏற்றுதல்’ என்று பலர் எழுதுகிறார்கள். அது லாரிக்கும் கப்பலுக்கும் பொருந்தும். பெட்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

அகராதிகள் முதலில் தரும் இணை ‘திணி’. ஆனால் ‘சரக்குத் திணிப்பு’ என்று யாரும் எழுதமாட்டார்கள். கொள்ளாத இடத்தில் அல்லது விரும்பாதவர் மீது வலிந்து புகுத்துவது என்ற பொருள் இச்சொல்லில் அழுத்தமாக ஏறிவிட்டது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1938-இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிரிழந்தனர். இராயபுரத்தை அடுத்த மூலக்கொத்தளத்தில்தான் இருவரும் அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் போராட்டங்களுக்குப் பின் ‘திணிப்பு’ என்றாலே தமிழர் காதில் அரசியல் ஒலிக்கிறது.

பழந்தமிழில் இச்சொல்லுக்கு இந்தக் கசப்பு இல்லை. புறநானூற்றின் இரண்டாம் பாடல் மண் செறிந்த நிலத்தைச் சொல்ல இதே வினையைத்தான் ஆள்கிறது. திண்மை, திண்மம், திண்ணை ஆகியவற்றிலும் உறுதி, கெட்டி என்ற பொருளே நிற்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘திணிவு’ என்பது இயற்பியல் சொல். தமிழ்நாட்டு மாணவர்கள் ‘நிறை’ என்று படிப்பதை அங்கே திணிவு என்று படிக்கிறார்கள்.

‘செறி’ என்பது விளைவைச் சொல்லும் சொல்: செறிந்த காடு, மக்கள் செறிவு. ‘நெருக்கு’ மனிதர்களுக்கும் பொருட்களுக்கும் பொது. அதிலிருந்து வந்த ‘நெருக்கடி’ இடப்பற்றாக்குறையைத் தாண்டிப் பணத்துக்கும் அரசியலுக்கும் போய்விட்டது. பேருந்தில் ஆட்களைப் ‘புளிமூட்டைபோல’ அடைத்தார்கள் என்கிறோம். புளியை மிதித்தும் அழுத்தியும் மூட்டை கட்டுவதைப் பார்த்தவர்கள் உண்டாக்கிய உவமை அது. மரக்கலப் பலகைகளின் இடுக்கில் நார் அடைத்து நீர் புகாமல் செய்வதற்குக் ‘கலப்பற்று’ என்று பெயர். தேர்வுக்கு முந்தைய இரவில் பாடத்தை மண்டையில் ஏற்றுவதை ஆங்கிலத்தில் கிராம் செய்வது என்பார்கள்; தமிழில் ‘உருப்போடுதல்’. ஆங்கிலச் சொல்லில் மூளை ஒரு பெட்டி. தமிழ்ச் சொல்லில் திரும்பத் திரும்பச் சொல்லும் வாய்தான் முக்கியம்.

நெருக்கி அடைப்பது ஏன்?

இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக என்று தோன்றும். அது பாதிக் காரணம்தான். கப்பல் கடலில் இருபுறமும் சாயும், முன்னும் பின்னும் எழுந்து தாழும். பெட்டிக்குள் வெற்றிடம் இருந்தால் சரக்கு நகர்ந்து மோதும். எடை ஒரு பக்கம் சேர்ந்தால் சாலை வளைவிலேயே டிரெய்லர் கவிழலாம். ஆகவே நல்ல ஸ்டஃபிங் என்பது மிகுதியாக நுழைப்பது அல்ல, அசையாதபடி வைப்பது. மிஞ்சிய இடைவெளியில் மரக்கட்டையோ காற்றுப் பையோ செருகுவதும், பட்டையால் இழுத்துக் கட்டுவதும் அதில் அடங்கும்.

இருபது அடிப் பெட்டியின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். ஆயத்த ஆடை போன்ற இலகுவான சரக்கில் இடம் முதலில் தீரும். கிரானைட் கல்லில் எடை வரம்பு முதலில் தீர்ந்துவிடும். பெட்டி பாதி காலியாகத் தெரிந்தாலும் அது நிறைந்த பெட்டிதான். இந்தக் கணக்கைப் பொய்யாகக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2007-இல் இங்கிலாந்துக் கரையோரம் சேதமடைந்து தரைதட்டப்பட்ட எம்எஸ்சி நப்போலி கப்பல் சாட்சி. மேல்தளத்தில் நனையாமல் கிடைத்த சுமார் 660 பெட்டிகளை எடை போட்டபோது, 137 பெட்டிகளில் சொன்ன எடைக்கும் உண்மை எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வேறுபாடு இருந்தது. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்பட்ட சான்று இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலக விதி.

கெட்டித்தலும் ஆபத்தும்

வேட்டுக் குழாயில் மருந்தை இடித்து இறுக்குவதற்குக் ‘கெட்டித்தல்’ என்பது பழைய சொல். கொட்டிக் கிடக்கும் கரிமருந்து புஸ்ஸென்று எரிந்து போகும். இறுக்கி அடைத்த மருந்துதான் வெடிக்கும். வாயு வெளியேற வழி இல்லாததால் அழுத்தம் ஏறுவதே காரணம். அம்மோனியம் நைட்ரேட்டும் பெரும் தீயில் அடைபட்ட நிலையில் சிக்கினால் மிக ஆபத்தானது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுகம் சிதறியபோது வட சென்னை மக்கள் திடுக்கிட்டதற்குக் காரணம் இருந்தது. 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அப்போது மணலியில் 37 கன்டெய்னர்களில் இருந்தது. ஏலம் போன அந்தச் சரக்கு, பெய்ரூத் செய்தி வந்த பிறகு அந்த மாதத்திலேயே ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. கதவு மூடி முத்திரையிட்ட பெட்டி வெளியில் இருப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. ஆடையும் அமிலமும் ஒரே நிறப் பெட்டியில் ஒரே சாலையில் வரிசையில் நிற்கின்றன.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இவை எதுவும் செல்லாது. அங்கே மீனை அடைப்பதில்லை, திணிப்பதில்லை. ஐஸ் ஒரு வரிசை, மீன் ஒரு வரிசை என்று ‘அடுக்குவார்கள்’. அளவுக்கு மேல் அழுத்தினால் அடிவரிசை மீன் நசுங்கி விலை போகாது.