ஏரிக்கரையில் வீடு கட்டிய டாக்டர்

சுவிட்சர்லாந்தில் சூரிச் ஏரியை ஒட்டிய ஊர் குஸ்நாக்ட். 1913-ஐ ஒட்டிய காலத்தில், மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே ஒரு பெரிய வீட்டிலிருந்து நெடிய மனிதர் ஒருவர் ஏரிக்கு இறங்கி வருவார். கரையில் கொஞ்சம், தண்ணீருக்குள் கொஞ்சம் என்று கற்களைப் பொறுக்குவார். குடிசை கட்டுவார், கோட்டை எழுப்புவார், நாளாவட்டத்தில் ஒரு கிராமத்தையே உண்டாக்கிவிட்டார். நோயாளிகள் வரும் நேரமானால் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போவார். சாயங்காலம் வேலை சீக்கிரம் முடிந்தால் மறுபடி கல்.

அவர் கார்ல் யுங். வயது 40-ஐ நெருங்குகிறது, நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன், சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவர்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டோடு வந்த சண்டை யுங்கை உள்ளுக்குள் உலுக்கிவிட்டிருந்தது. விசித்திரமான கனவுகள், இனம்புரியாத அழுத்தம். மனநோய்க்கே வைத்தியம் பார்க்கிறவர், தன் புத்தியே பேதலிக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். காரணம் தேடி, தன் வாழ்க்கை முழுவதையும் இரண்டு தடவை அலசினார், குறிப்பாகச் சிறுபிராயத்தை. ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், மனதில் எது தோன்றுகிறதோ அதைச் செய்வது என்று விட்டுவிட்டார்.

அப்போதுதான் பத்து, பதினொரு வயதுப் பையன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான், சின்ன வயது யுங். மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவான். பாட்டில்களை நிறுத்தி வாசலும் வளைவும் அமைப்பான். பிறகு கல்லும் சேறுமாகக் குழைத்துக் கட்டத் தொடங்கினான். அந்த நினைவோடு பொங்கி வந்த உணர்ச்சி யுங்கையே ஆச்சரியப்படுத்தியது. பையன் இன்னும் உயிரோடு இருக்கிறான், தன்னிடம் வற்றிப்போன ஏதோ ஒன்று அவனிடம் இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் அவனிடம் போய்ச் சேர வழி? அவன் விளையாட்டை விளையாடுவது ஒன்றுதான். இது தனக்குப் பெரிய அவமானமாக இருந்ததென்று பிற்காலத்தில் யுங் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

இந்த வெட்கம்தான் இந்தக் கதையின் முக்கியமான இடம். டாக்டராக உட்கார்ந்து விசாரித்தவரை பையன் வாயே திறக்கவில்லை. பழைய போட்டோவை எடுத்துவைத்து, சின்ன வயது 'தனக்கு' ஒரு கடிதம் எழுதச் சொல்லும் பயிற்சிகள் இன்று நிறைய உண்டு. நல்லவைதான். ஆனாலும் கடிதம் எழுதுகிறவர் பெரியவராகவே இருந்துகொள்ள முடிகிறது. யுங்குக்கு அந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை.

அந்தப் பையனின் நிலைமையையும் சொல்ல வேண்டும். பாஸல் நகரத்தை ஒட்டிய கிராமத்தில் பாதிரியாரின் மகன். அப்பா சிடுசிடுப்பார், அம்மாவுக்கு உடம்பு சரியிருக்காது. பத்து வயதில் அவன் ஒரு மர ஸ்கேலின் நுனியைச் செதுக்கி, கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட குட்டி மனிதனைச் செய்தான். மையால் கறுப்பு பூசி, கம்பளித் துணியில் சட்டை போட்டு, பென்சில் பெட்டிக்குள் படுக்கவைத்தான். துணைக்கு ரைன் நதிக் கல் ஒன்று, வாட்டர் கலர் பூசியது. உளுத்த பலகைகளால் யாரும் ஏறக்கூடாதென்று தடுத்திருந்த பரணில், உத்தரத்தின்மேல் பெட்டியை ஒளித்துவைத்தான். வீட்டில் மனசு கஷ்டப்படும்போதெல்லாம் அந்தக் குட்டி மனிதனை நினைத்துக்கொள்வான். பையனே தனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட மாதிரிதான் இருக்கிறது.

மறுபடி ஏரிக்கரைக்கு வருவோம். யுங்கின் கல் கிராமத்தில் சர்ச் எழும்பியது, பலிபீடம் மட்டும் பாக்கி. அதைக் கட்ட யுங்குக்குத் தயக்கம். ஒருநாள் சரளைக்கு நடுவே ஒரு சிவப்புக் கல் கண்ணில் பட்டது. ஒன்றரை அங்குல உயரம், தண்ணீர் தேய்த்துத் தேய்த்துப் பிரமிடு வடிவமாக்கியிருந்தது. அதைச் சர்ச்சின் குவிமாடத்துக்கு அடியில் வைத்த கணம், பால்யத்தில் கண்ட, பயமுறுத்திய ஒரு கனவு நினைவுக்கு வந்தது. மனம் தெளிந்தது என்கிறார்.

குழப்பம் அதோடு தீர்ந்துவிடவில்லை, இன்னும் சில வருடங்கள் நீடித்தது. கல் பழக்கமும் போகவில்லை. அம்மா இறந்த 1923-இல், அதே ஏரியின் கரையில் பொலிங்கனில் நிஜமான கல் வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கரண்ட் கிடையாது, விறகை அவரே பிளப்பார்.

விளையாட்டு சிகிச்சையாக மாறியது வேறு கைகளில். லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்டு குழந்தைகளுக்கு மணல் தட்டும் பொம்மைகளும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் தன் மகன்களோடு தரையில் விளையாடியதைப் பற்றி 1911-இல் எழுதிய புத்தகம்தான் அதற்குத் தூண்டுதல். லோவன்ஃபெல்டிடம் கற்று வந்த டோரா கால்ஃப், சூரிச் பக்கத்தில் அதை யுங்கின் சிந்தனையோடு இணைத்தார். மணலை விலக்கினால் தண்ணீர் தெரிவதுபோலத் தட்டின் அடியில் நீல நிறம். பொம்மைகளை வைக்கும்போது சிகிச்சையாளர் குறுக்கே விளக்கம் சொல்வதில்லை. பெரியவர்களும் அந்தத் தட்டின் முன் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)