நாளுக்கொரு வரி

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. அதன்படி நாம் அரிசியை அளக்கிறோம், பாலை அளக்கிறோம், பாவாடைத் துணியைக் கூட முழம் போட்டுப் பார்க்கிறோம். ஆனால் நாள்தோறும் நாமே செய்கின்ற ஒரு சிறு காரியத்தை என்றாவது அளந்து பார்த்திருக்கிறோமா? இவ்வாண்டு நாங்கள் அதைச் செய்து பார்த்தோம். அதனால் அறிந்துகொண்டவற்றை அன்புத் தோழியராகிய உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள் முதல் எங்களுக்குக் கிடைத்த புத்திமதி ஒன்றே. "விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து படி!" வீட்டிலும் அதுவே, உறவினர் வந்தாலும் அதுவே. "நாங்கள் ஐந்து மணிக்குத்தான் எழுகிறோம்" என்று நாங்களும் பெருமையோடு சொல்லி வந்தோம். அதைக் கேட்ட எங்கள் கணித ஆசிரியை புன்னகைத்தார். "நினைப்பது வேறு, எண்ணிப் பார்ப்பது வேறு. எட்டு வாரம் எழுதிப் பாருங்கள், புள்ளியியல் பாடமும் தானே வந்துவிடும்" என்றார். எங்களில் ஒன்பது பேர் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். நாளுக்கொரு வரி. முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் இரவு படுத்த நேரம், மூன்றாவதில் காலையில் எழுந்த நேரம். அவ்வளவுதான்.

இது புதுமையான வேலையன்று. மறைக்கல்வி வகுப்பில் நாம் ஆன்மச் சோதனை பற்றிப் படித்திருக்கிறோம் அல்லவா? இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார், 1548-ல் அச்சான தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு ஒரு முறையே வகுத்துத் தந்தார். திருத்திக்கொள்ள விரும்பும் ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரத்தின் ஏழு நாள்களுக்கும் கோடுகள் வரைந்துகொள்ள வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின் ஒரு முறையும், இரவு உணவுக்குப் பின் ஒரு முறையும் எண்ணிப் பார்த்து, எத்தனை தடவை தவறினோமோ அத்தனை புள்ளிகள் இட வேண்டும். பிறகு இன்றைய நாளை நேற்றோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். வரைபடத்தாள் இல்லாத காலத்தில் இது வரைபடம் போன்றதே!

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினும் பதின்மூன்று நற்பண்புகளுக்கு ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தார். வாரத்திற்கு ஒரு பண்பில் சிறப்பாகக் கருத்தைச் செலுத்துவார். தவறிய இடத்தில் கரும்புள்ளி இடுவார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஓராண்டில் நான்கு சுற்று. பழைய புள்ளிகளை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டதால், ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினாராம். தாம் எண்ணியதைவிடத் தம்மிடம் குறைகள் மிகுதி என்று கண்டு வியந்ததாகவும், அவை குறைவதைக் கண்டு மகிழ்ந்ததாகவும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் காந்தியடிகளும் இலண்டனில் படித்த நாளில், செலவிட்ட ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்குமுன் கணக்கை நேர் செய்துவிடுவார். இன்றோ கைக்கடிகாரமே காலடிகளை எண்ணித் தருகிறது. கருவி மாறினாலும் வேலை ஒன்றுதான்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். முதல் வார முடிவில் ஒன்பது நோட்டுகளையும் ஆசிரியையிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டுக் கடிகாரங்கள் கால் மணிக்கு ஒரு தடவைதான் நகருமா?" என்று கேட்டார். நாங்கள் தலை குனிந்தோம். ஏனெனில் எல்லா நோட்டிலும் 5.00, 5.15, 5.30 என்றே இருந்தன! உண்மையாகவே கடிகாரத்தைப் பார்த்து எழுதினால், 0 அல்லது 5-இல் முடியும் நிமிடங்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவே வர வேண்டும். பத்து இலக்கங்களில் அவை இரண்டுதானே? மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இப்படித்தான். வயதைச் சரியாக அறியாதவர்கள் நாற்பது, நாற்பத்தைந்து என்று சொல்வதால், அவ்வயதினர் மட்டும் மிகுதியாக இருப்பது போலத் தோன்றும். நாங்கள் பொய் சொல்ல வேண்டுமென்று எழுதவில்லை. மாலையில் நினைவிலிருந்து எழுதினோம். நினைவு நமக்குச் சாதகமாகவே பேசியது. அன்று முதல் விதி ஒன்று செய்தோம். எழுந்தவுடன், முகம் கழுவுமுன், கடிகாரத்தில் கண்டதை அப்படியே எழுத வேண்டும். அடித்துத் திருத்தக் கூடாது.

மூன்றாம் வாரத்தில் வேறொரு சோதனை வந்தது. எங்களில் ஒருத்தி நோட்டை மூடி வைத்துவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "சனிக்கிழமை ஆறரை வரை தூங்கிவிட்டேன். சராசரி கெட்டுவிட்டது. இனி எழுதி என்ன பயன்?" என்று கண் கலங்கினாள். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தோம். திங்கள் முதல் ஞாயிறு வரை அவள் எழுந்த நேரங்கள் 5.21, 5.14, 5.26, 5.21, 5.29, 6.28, 5.11. ஐந்து மணிக்குப் பின் கழிந்த நிமிடங்களாக எழுதினால் 21, 14, 26, 21, 29, 88, 11. கூட்டினால் 210, ஏழால் வகுத்தால் சராசரி 30. அதாவது 5.30.

ஆனால் உற்றுப் பாருங்கள். ஏழு நாளில் ஆறு நாள் அவள் 5.30-க்கு முன்பே எழுந்திருக்கிறாள்! ஒரே ஒரு சனிக்கிழமை சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. எண்களை ஏறுவரிசையில் அமைத்தால் 11, 14, 21, 21, 26, 29, 88. நடுவில் நிற்பது 21. இதுவே இடைநிலை அளவு. அவளுடைய வழக்கமான காலையைக் காட்டுவது 5.30 அன்று, 5.21 தான். தனித்து நிற்கும் ஒரு பெரிய எண், சராசரியை அசைப்பது போல இடைநிலையை அசைக்க முடியாது.

அதே வாரத்தில் இன்னொரு தோழியின் நிமிடங்கள் 27, 32, 34, 29, 31, 26, 31. இவற்றின் கூட்டுத்தொகையும் 210, சராசரியும் 30. அப்படியானால் இருவரும் ஒன்றா? இல்லை. ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்டு, அதை வர்க்கமாக்கிக் கூட்டி, ஏழால் வகுத்து, வர்க்கமூலம் கண்டோம். முதல் தோழிக்குத் திட்ட விலக்கம் ஏறக்குறைய 24 நிமிடம். இரண்டாமவளுக்கு 3 நிமிடத்திற்கும் குறைவு. ஒருத்தி கடிகாரம் போல எழுகிறாள். மற்றவள் பெரும்பாலும் முன்னதாக எழுந்தும் ஒரு நாள் வெகுவாக விலகிவிடுகிறாள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த திட்ட விலக்கத்திற்குப் பொருள் இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இன்னொரு விந்தையும் கண்டோம். ஒரு நாள் மிகத் தாமதமாக எழுந்தால் வீட்டில் திட்டு விழும். மறுநாள் நேரத்தோடு எழுவோம். "பார்த்தாயா, திட்டினால்தான் எழுகிறாய்" என்பார்கள். ஒரு நாள் ஐந்துக்கு முன்பே எழுந்தால் பாராட்டு. மறுநாள் சற்றுத் தாமதமாகும். "புகழ்ந்தால் கெட்டுப் போவாய்" என்பார்கள். உண்மையில் வழக்கத்திலிருந்து வெகுவாக விலகிய நாளுக்கு அடுத்த நாள், யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பெரும்பாலும் வழக்கத்தை நோக்கியே திரும்பும். ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன், உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாகப் பெற்றோர் அளவுக்கு உயரமாயிராமல் சராசரியை நெருங்கி நிற்பதைக் கண்டு, 1886-ல் இதனை விளக்கினார். எங்களுள் ஒருத்தியின் அம்மா இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தார். அந்நாளிலும், தாமதமான நாளுக்கு மறுநாள் அவள் தன் பழைய நேரத்திற்கே எழுந்திருந்தாள். ஆகவே திட்டையும் பாராட்டையும் மறுநாளைக் கொண்டு மட்டும் எடை போடக் கூடாது.

நோட்டை மூடிய தோழிக்கு ஆசிரியை மற்றொரு செய்தியும் சொன்னார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவினரும் 96 பேரை ஆராய்ந்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் ஒரு நல்ல செயலைத் தேர்ந்து, 84 நாள் நாள்தோறும் குறித்து வந்தனர். செயல் தானாகவே நிகழும் பழக்கமாவதற்கு ஆன காலத்தின் இடைநிலை 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறுபட்டது. அதைவிட முக்கியமானது, இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவதற்குப் பெரிய இடையூறு ஏற்படவில்லை என்பது. இதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. மறுநாளே நோட்டைத் திறந்தாள்.

எட்டு வாரம் முடிந்தது. ஒன்பது பேருடைய நேரங்களையும் வரைபடத்தாளில் குறித்தோம். ஐந்து மணிக்கு எழுவதாகப் பெருமையடித்த எங்களில் ஒருத்திக்குக் கூட இடைநிலை ஐந்து மணியாக இல்லை! சிரித்துக்கொண்டோம். ஆனால் அதற்குப் பின் வந்த பாடம் சிரிப்புக்குரியதன்று.

அதுவரை நாங்கள் மூன்றாவது பத்தியையே பார்த்து வந்தோம். இரண்டாவது பத்தியை யாரும் கவனிக்கவில்லை. "படுத்த நேரத்திலிருந்து எழுந்த நேரம் வரை எத்தனை மணி என்று போட்டுப் பாருங்கள்" என்றார் ஆசிரியை. போட்டுப் பார்த்தோம். பெரும்பாலான நாள்களில் நாங்கள் பதினொரு மணிக்குப் படுத்து ஐந்தேகாலுக்கு எழுந்திருக்கிறோம். ஆறேகால் மணி நேரம்! 13 முதல் 18 வயது வரை உள்ளோர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் கூறியிருக்கிறது. நோட்டை மூடிய தோழியின் அந்தச் சனிக்கிழமையைத் தேடினோம். வெள்ளி இரவு பத்தரைக்குப் படுத்தவள், காலை 6.28-க்கு எழுந்திருக்கிறாள். ஏறத்தாழ எட்டு மணி நேரம். அவள் வெட்கப்பட்டு அழுத அந்த ஒரு நாள்தான், அந்த வாரத்தில் அவள் போதிய அளவு தூங்கிய ஒரே நாள்!

அன்று நாங்கள் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். எண்களில் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. எதை அளப்பது என்று முடிவு செய்ததில்தான் பிழை. எழும் நேரத்தை மட்டும் அளந்ததால், தூங்கிய பெண்ணைக் குற்றவாளியாகவும், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை நல்லவர்களாகவும் எண்ணிவிட்டோம். ஐந்து மணிக்கு எழ வேண்டுமானால் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். அது எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியமா? எனவே எங்களில் சிலர் பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுவதென்று தீர்மானித்திருக்கிறோம். பெற்றோரிடம் நோட்டையே காட்டிப் பேசினோம். "எதிர்த்துப் பேசுகிறாய்" என்று சொல்ல எடுத்த வாய், நோட்டைப் பார்த்ததும் "சரி, செய்து பார்" என்றது. புது நேரப்படி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது. இரண்டு வாரக் கணக்கைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது தவறு என்பதை இப்போது நாங்கள் அறிவோம். ஆகவே பொறுத்திருந்து எழுதி வருகிறோம்.

தோழியரே, நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். குடித்த தண்ணீராக இருக்கலாம், படித்த பக்கமாக இருக்கலாம், கோபத்தில் சொன்ன சொல்லாகவும் இருக்கலாம். கண்டதைக் கண்டபடி உடனே எழுதுங்கள். சராசரியோடு இடைநிலையையும் பாருங்கள். எதை அளக்கிறோம் என்று இடையிடையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக் கொண்டு உங்களைப் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். நம்மைப் படைத்த இறைவன் நம் வாழ்நாள் முழுவதையும் சேர்த்தே பார்க்கிறார். நாமும் நம்மை அவ்வாறு பார்க்கக் கற்றுக்கொள்வோம்.