பெயர் பொறிக்கப்படாத கைகள்: சிங்கப்பூர்க் கட்டடங்களில் இந்தியக் கைதிகளின் உழைப்பும் மதராஸ் சுண்ணச்சாந்தும்

முன்னுரை

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் வணிகரும் கோயில் நிறுவியோருமே பெரிதும் பேசப்படுகின்றனர். 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், 1828 முதல் 1830 வரை தெலுக் ஆயர் தெருவில் எழுந்த நாகூர் தர்காவும் அதன் வெளிப்படையான சான்றுகள். ஆயினும், தமிழர் அடையாளம் எதுவும் தாங்காத கட்டடங்களிலும் தென்னிந்தியக் கைத்திறன் பதிந்துள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைதிகளின் வருகை

பென்கூலன் டச்சுக்காரர் வசமானதைத் தொடர்ந்து, 1825இல் அங்கிருந்த இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். பின்னர் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நேரடியாகவும் அனுப்பப்பட்டனர். நாடுகடத்தல் தண்டனையாக விதிக்கப்பட்டது. வளர்ந்துவந்த துறைமுக நகருக்கோ அதுவே மலிவான உழைப்பைத் திரட்டும் வழியாயிற்று. சாலை அமைத்தல், செங்கல் அறுத்தல், கல்லுடைத்தல், தச்சு, கொத்து ஆகிய வேலைகள் கைதிகளுக்குப் பயிற்றப்பட்டன. அவர்களுள் நன்னடத்தை உடையோரே ஏனையோரைக் கண்காணிக்கும் காவலராகவும் அமர்த்தப்பட்டனர்.

சுண்ணச்சாந்தும் பேராலயமும்

1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அந்திரேயா பேராலயம், ரொனால்ட் மெக்ஃபர்சன் வடிவமைத்த கோதிக் பாணிக் கட்டடமாகும். அதன் வடிவம் ஐரோப்பியம். சுவர்ப்பூச்சோ மதராஸ் சுண்ணம். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டையின் வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசினர். பூச்சு உலர்ந்தபின் படிகக்கல்லாலும் உருண்டைக் கற்களாலும் பளபளக்கும்வரை தேய்த்தனர். செட்டிநாட்டு வீடுகளின் வெள்ளைக்கரு கலந்த சுவர்ப்பூச்சு இதனோடு ஒப்பிடத்தக்கது.

இச்செய்முறை இன்று அறியப்படுவதற்கு, கைதிகளை மேற்பார்வையிட்ட பொறியாளர் மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூல் முதன்மைக் காரணம். இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும் 1867 முதல் 1869 வரை அவருடைய வடிவமைப்பில் கைதிகளின் உழைப்பால் எழுந்ததே. வடிவமைத்தோர் பெயர்கள் வரலாற்றில் நிலைத்தன. சாந்து குழைத்தோர் ‘கைதிகள்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கினர்.

முடிவுரை

1873இல் கைதிகள் குடியிருப்பு மூடப்பட்டது. தண்டனை முடியாதோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்றோர் பலர் நகர மக்களோடு கலந்தனர். பிராஸ் பாசா சாலையிலிருந்த அவர்களது சிறைச்சாலையும் மறைந்துவிட்டது. எனவே, கோயில் கல்வெட்டுகளையும் வணிக ஆவணங்களையும் மட்டும் சான்றாகக் கொள்ளும் புலம்பெயர் தமிழர் வரலாறு முழுமை பெறாது. கைதிகளுள் தமிழரும் பிற மொழியினரும் இருந்தமையால், சென்னை மாகாணக் கைதிப் பதிவேடுகளைச் சிங்கப்பூர்ப் பொதுப்பணி ஆவணங்களோடு இணைத்துக் காண்பது இன்றியமையாதது. கட்டடங்களைப் பாதுகாத்தல் என்பது அவற்றை எழுப்பியோரை அடையாளங்காண்பதையும் உள்ளடக்கியதாகும்.