உயிர் காப்போரின் நலனுக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: விபத்தானாலும் நள்ளிரவுப் பிரசவ வலியானாலும் 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும் என்ற நம்பிக்கை நாட்டின் பல மாநிலங்களில் வேரூன்றிவிட்டது. 2005 ஆகஸ்ட் 15-ல் ஹைதராபாதில் தொடங்கிய இச்சேவை, மத்திய அரசின் சுகாதார இயக்க நிதியுதவியுடன் மாநிலம் மாநிலமாகப் பரவியது. ஆனால், அந்த வாகனத்தில் பணிபுரிவோரின் நலன் குறித்த கேள்வி தலைநகரில் அரிதாகவே எழுகிறது.

வாகனத்துக்கு ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். பல இடங்களில் 12 மணி நேரப் பணி. நோயாளிகளைத் தூக்கி இறக்குவதால் முதுகுவலி, ஊசி குத்துவதால் மஞ்சள் காமாலைத் தொற்று அபாயம், இரவுப் பணியால் தூக்கக் கேடு ஆகியவை வெளியே தெரியும் பாதிப்புகள். சிதைந்த உடல்களையும் வழியிலேயே பிரியும் உயிர்களையும் கண்டு, தாமதமாக வந்ததாக வசையும் கேட்டு, உடனே அடுத்த அழைப்புக்கு விரைவோரின் மனக்காயம் வெளியே தெரிவதில்லை.

பட்டியலில் இல்லாத நோய்

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-லேயே தொழில்சார் நோய்கள் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2020-ல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலில் ஈய நச்சு, சிலிகோசிஸ் போன்றவை உள்ளன. மனநோய் எதுவும் இல்லை. எனவே, மனம் உடைந்து ஒருவர் விலகினால் அது அவரது பலவீனமாகவே கருதப்படுகிறது.

எதிர்க்கட்சிகளின் புறக்கணிப்புக்கிடையே 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய இச்சட்டம், 2025 நவம்பர் 21-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்குத் தொழிலாளியின் சம்மதம், இரட்டிப்பு ஊதியம் என அது கூறுகிறது. அதே சட்டம், ஆம்புலன்ஸ் சேவையையே நோக்கமாகக் கொண்டிராத நிறுவனங்களில் அச்சேவை மையப் பணியாகாது என்கிறது. அதாவது, அங்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்தத் தடையில்லை.

சேவையை நடத்துவது ஒப்பந்ததாரர். நிதி தருவது அரசு. குறையென்று வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். உத்தரப் பிரதேசத்தில் 2021 ஜூலையில் ஒப்பந்த நிறுவனம் மாறியபோது வேலைநிறுத்தம் செய்த ஊழியர்கள் பலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். கரோனா காலத்தில் சுகாதாரப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகைசெய்த 2020-ம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் கொள்ளைநோய்க் காலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்று மத்திய அரசு ஒதுங்கிக்கொள்ள இயலாது. நிதி வழங்கும்போதே ஓய்வு நேரம், தடுப்பூசி, மனநல ஆலோசனை ஆகியவற்றை ஒப்பந்த நிபந்தனைகளாக்க அதனால் முடியும். தூக்கம் இழந்த ஓட்டுநரின் கையில் இருப்பது அவரது உயிர் மட்டுமல்ல. பின்னால் படுத்திருப்பவரின் உயிரும்தான்.