வெயிலில் கிடக்கும் மரத்துக்கு எந்தப் பூச்சு?

மொட்டை மாடியில் மரப்பலகைத் தளம் போட்டாயிற்று. கடையில் நான்கு டப்பாவைக் காட்டுகிறார்கள், எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். உட்காருங்கள், டீ வரட்டும்.

மரத்தை மழைதான் கெடுக்கும் என்று நினைக்கிறோம். நம் வேலூர் பாகாயத்தில் வெயில்தான் முதலில் கெடுக்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. மரத்தின் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. பழைய திண்ணைத் தூண்கள் சாம்பல் பூத்து நிற்பது இதனால்தான்.

அதனால் நிறமில்லாத பளபளப்பு வார்னிஷைத் தரையில் அடிக்கவே வேண்டாம். கதிர் அதை ஊடுருவிப் போய் அடியிலுள்ள மரத்தைச் சிதைக்கும். பிடிப்பு விட்டதும் வார்னிஷ் செதில் செதிலாக உரியும். மறுபடி அடிக்க வேண்டுமானால் முழுத் தளத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். உள்ளே இருக்கிற கதவுக்கு அது அழகுதான், வெயிலில் கிடக்கும் தரைக்கு ஆகாது.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களுக்கு அடுத்தது உடனே புரியும். அனிலின் சாயம் தோலுக்குள் இறங்கும், மேல்தோலின் இயல்பான ரேகையும் தெரியும். ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளிறும். பிக்மென்ட் பூச்சு ரேகையை மூடும், நிறமும் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் செமி அனிலின். மரத்திலும் அப்படித்தான். நீங்கள் கேட்க வேண்டியது, ரேகை தெரிகிற அளவுக்கு மட்டும் பிக்மென்ட் கலந்த, மரத்துக்குள் இறங்குகிற, வெளிப்புறத்துக்கான ஸ்டெயின். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு நிறமிதான் கதிரைத் தடுக்கிறது. இது உரியாமல் மெல்ல மங்கும். கழுவிக் காயவிட்டு, மேலேயே இன்னொரு கை பூசிவிடலாம். அடர் கறுப்புப் பழுப்பு வேண்டாம், மே மாத மதியத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நடுத்தரத் தேக்கு நிறம் போதும்.

ஆணியையும் ஒருமுறை பாருங்கள். தோல் பதனிடும் இடத்தில் இரும்பு படாமல் பார்த்துக்கொள்வார்கள். கடுக்காய், ஆவாரம்பட்டையின் டானினோடு இரும்பு சேர்ந்தால் கருநீலக் கறை விழும். பல மரங்களிலும் டானின் உண்டு. சாதா இரும்பு ஆணி அடித்திருந்தால் முதல் மழையிலேயே ஆணியைச் சுற்றிக் கறுத்துவிடும், ஸ்டெயின் அதை மறைக்காது. அதை எடுத்துவிட்டு எவர்சில்வர் திருகாணிதான் போட வேண்டும். செலவு கூடும், பரவாயில்லை.

முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெயைப் பற்றியும் கேட்டீர்கள். கூரை மரத்துக்கும் கம்பத்துக்கும் கரையான் அண்டாமலிருக்க நம் ஊரில் பூசி வந்தது அதைத்தான். தரைக்கு வேண்டாம். கறுப்பாகிவிடும், கையில் பட்டால் தோலும் கொப்புளிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பலகை நன்றாகக் காய வேண்டும். தை, மாசி சரியான காலம். பலகைமேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் பூசலாம், முத்தாக நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும். தேக்கு என்றால் பூசுவதற்கு முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள், அதன் எண்ணெய்ப் பசை பூச்சை உலர விடாது. பனி உலர்ந்த பிறகு, பலகை சுடுவதற்கு முன் வேலையை முடித்துவிடுங்கள். மரம் குடித்தது போக மிஞ்சியதைக் கால் மணி நேரத்தில் துடைத்தெடுக்காவிட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். வெட்டுமுனைகளை மறக்காதீர்கள், தண்ணீர் ஏறுவது அங்கேதான்.

கடைசியாக ஒன்று, இதை ஆசாரியிடமும் சொல்லிவிடுங்கள். எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அதிலுள்ள ஆளி எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வேலை முடிந்த கையோடு தண்ணீரில் முக்கி, திறந்த வெளியில் விரித்துக் காயப் போடுங்கள்.