அலுவலகத் தொலைபேசி அமைப்பில் ஃபாக்ஸும் மோடமும்

கிளை நிலையம் ஒன்றுக்குப் புதிய ஃபாக்ஸ் இயந்திரம் வந்து சேர்கிறது. மேசைத் தொலைபேசியின் கம்பியைக் கழற்றிவிட்டு, அதே துளையில் இயந்திரத்தின் கம்பியைச் செருகுகிறார்கள். டயல் ஒலி கேட்பதில்லை, தாளும் நகர்வதில்லை. இயந்திரம் பழுதுற்றதென்று எழுதித் திருப்பியனுப்பி விடுகிறார்கள். பல சமயங்களில் குறை இயந்திரத்தில் இல்லை, அத்துளையில்தான் இருக்கிறது.

மின்னஞ்சல் பரவிய பின்னர் ஃபாக்ஸின் உபயோகம் மிகவும் சுருங்கிவிட்டது. எனினும் கையொப்பமிட்ட தாளை அனுப்ப ஃபாக்ஸும், தொலைவிலுள்ள அளவுக் கருவிகளின் கணக்கைப் பெற மோடமும் சில இடங்களில் இன்னும் பயன்பட்டு வருகின்றன. இவ்விரண்டும் செய்திகளை ஒலியாக மாற்றி அனுப்புபவை. அழைக்கும் ஃபாக்ஸ், வினாடிக்கு 1,100 அதிர்வுள்ள ஒலியை அரை வினாடி எழுப்பி, மூன்று வினாடி மௌனமாயிருந்து, மீண்டும் எழுப்பும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் 512 அதிர்வுள்ள இசைக்கவை இருக்குமாயின், அதன் மேல் ஸ்தாயிக்குச் சற்று உயர்ந்த ஒலி இது என்று மாணவருக்கு விளக்கலாம். மறுமுனை 2,100 அதிர்வுள்ள ஒலியால் விடையளிக்கும்.

இவ்வொலிகளை உள்ளபடியே தாங்கிச் செல்வது சாதாரண அனலாக் கம்பி. ஈ.பி.ஏ.பி.எக்ஸ். எனப்படும் அலுவலக இணைப்பகத்திலிருந்து மேசைக்கு வரும் கம்பியோ இருவகைப்படும். திரையும் பல பொத்தான்களும் கொண்ட டிஜிட்டல் தொலைபேசிக்குச் செல்லும் கம்பியில் ஒலி செல்வதில்லை. அவ்விணைப்பகத்துக்கே உரிய குறியீடுகளும், தொலைபேசியை இயக்கும் மின்சாரமுமே செல்கின்றன. துளைகள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதுதான் தொல்லை. டிஜிட்டல் துளையில் செருகிய மோடம் வேலை செய்யாதிருப்பதோடு, மிகுந்த மின்னோட்டத்தால் கருகியும் போகலாம். ஆதலின் செருகிப் பார்த்துச் சோதிப்பது தகாது. எந்த எக்ஸ்டென்ஷன் அனலாக் என்பதை இணைப்பகத்தைப் பராமரிப்பவரிடம் முதலில் கேட்டறிய வேண்டும். பிறகு அத்துளையில் சாதாரணத் தொலைபேசியை மாட்டி, வெளியூருக்குப் பேசிப் பார்ப்பது நலம்.

வெளிக் கம்பியைப் பெற 0 அல்லது 9 முதலில் சுழற்ற வேண்டுமாயின், அதன்பின் சிறு இடைவெளி தேவை. மோடத்தில் எண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டால், வழக்கமாக இரண்டு வினாடி பொறுக்கும். இணைப்பகத்தின் டயல் ஒலி வெளிக் கம்பியின் ஒலியினின்று வேறுபட்டிருப்பதால், சில மோடங்கள் அதனை அறியாமல் நின்றுவிடும். அப்போது எக்ஸ்3 என்னும் கட்டளை, டயல் ஒலிக்குக் காத்திராமல் எண்ணை அனுப்பச் செய்யும். அந்த எக்ஸ்டென்ஷனில் ‘கால் வெயிட்டிங்’ வசதியையும் நீக்கிவிட வேண்டும். இரண்டாவது அழைப்பின் ‘பீப்’ ஒலி மனிதர் பேச்சுக்கு இடையூறன்று. ஆனால் வெள்ள எச்சரிக்கைத் தாளைப் பாதியில் அறுத்துவிடக் கூடும்.

இணைய வழித் தொலைபேசியில் இடர் வேறுவகையானது. குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக, மொத்தம் 64,000 பிட்டுகளாக அனுப்புவது ஒரு முறை. இதனை ஃபாக்ஸ் பெரும்பாலும் தாங்கும். அதையே 8,000 பிட்டுகளாகச் சுருக்கும் முறை, மனிதக் குரலுக்கென்றே வகுக்கப்பட்டது. காதுக்குக் குறையொன்றும் தோன்றாது. ஃபாக்ஸின் ஒலியோ உருச் சிதைந்துவிடும். இதன் பொருட்டு 1998-ல் டி.38 என்னும் முறை வகுக்கப்பட்டது. இதில் ஒலிக்குப் பதிலாகத் தாளின் செய்தியே இணையத்தில் செல்கிறது. ஆனால் வழியின் இரு முனைகளும் அம்முறையை ஏற்பவையாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாத அலுவலகத்தில், இணைப்பகத்தைத் தொடாது வெளியிலிருந்து நேரே வரும் தனிக் கம்பி கிடைக்குமாயின், அதையே ஃபாக்ஸுக்கு ஒதுக்குவது தக்கது.